பழங்கால கிரேக்க வரலாற்று ஆசிரியர் தூசிடிடீஸ், ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த போரைப் பத்தி எழுதின வரலாற்றுல வர்ற நீள நீளமான பேச்செல்லாம் நிஜமாவே பேசினதா?

அப்படியே பேசினது இல்ல, ஆனா சுத்த கட்டுக்கதையும் இல்ல. அதை அவரே ஆரம்பத்துல ஒத்துக்கிறாரு: சில பேச்சை நானே கேட்டேன், சிலது மத்தவங்க சொன்னாங்க, வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இல்ல, அதனால அந்த சமயத்துக்கு என்ன பேசியிருக்கணுமோ அதைப் போட்டேன், சாரத்தை விட்டு முடிஞ்சவரை விலகலன்னு. இந்தக் காலத்துல ஒருத்தர் இப்படி எழுதினா சோலி முடிஞ்சுது!

அப்போ ரெக்கார்டர் கிடையாது, பொதுவான காலண்டர்கூட கிடையாது. கிமு 431ல போர் எப்போ ஆரம்பிச்சுதுன்னு சொல்ல அவர் படுற பாட்டைப் பாருங்க, ஆர்காஸ்ல கிரிசிஸ் பூசாரியம்மாவா இருந்த 48வது வருஷம், ஸ்பார்ட்டாவுல இன்னார் பதவியில இருந்தப்போ, ஏதென்ஸ்ல பித்தோடோரஸ் பதவி முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கும்போதுன்னு மூணு ஊர் கணக்கையும் சேர்த்துச் சொல்றாரு. அதுக்கப்புறம் கோடை, குளிர்காலம்னு பிரிச்சு எழுதிட்டே போவாரு.

அவருக்கு முன்னாடி வரலாறு எழுதின ஹெரோடோட்டஸ் ஸ்டைலே வேற, அங்க போனேன், பார்த்தேன், பூசாரிங்க இப்படிச் சொன்னாங்கன்னு கதை மேல கதையா போகும், நடுவுல "சொன்னதைச் சொல்றது என் வேலை, எல்லாத்தையும் நம்பணும்னு கட்டாயம் இல்ல"ங்கிற மாதிரி கழண்டுக்குவாரு. எனக்கு அந்த மனுஷனைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் காலத்துல எழுதினது பாப்பிரஸ்ங்கிற நாணல் காகிதச் சுருள்ல, வார்த்தைக்கு நடுவுல இடைவெளியே இருக்காது, பெரும்பாலும் யாராவது சத்தமா வாசிக்க மத்தவங்க கேப்பாங்க. தூசிடிடீஸ் மட்டும், கேட்டு ரசிக்கிறதுக்கு இல்ல, காலத்துக்கும் வெச்சுக்கிறதுக்கு எழுதினேன்னு கெத்தா சொல்லிட்டாரு. ஆனா பாவம், புக் கிமு 411ல நடந்த சம்பவங்களோடயே பாதில நின்னு போச்சு, அங்கிருந்து கதையை எடுத்துட்டுப் போனது செனபோன்ங்கிற இன்னொரு கிரேக்க எழுத்தாளர்.