கோயில் வேண்டாம், வயலும் ஆறும் போதும்: டெல்டாவில் மூன்று நாள் எங்கே போகலாம்?

"தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் குடும்பத்தோடு மூன்று நாள் வருகிறோம். கோயில்கள் பார்த்தாயிற்று. வயல், ஆறு, பசுமை என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக எங்கெல்லாம் போகலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்று எழுதவில்லையே? குடும்பம், மூன்று நாள் என்பதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவு, அதாவது மே மாதம் என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டுத்தான் சொல்கிறேன்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறேன், விவசாயம்தான். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை, காரணம் பின்னால் வரும். பயணக் கட்டுரை எழுதுகிற ஆள் நான் இல்லை. ஊட்டி, மூணாறு மாதிரி இருக்குமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதிலும் இல்லை. எங்கள் பக்கம் ஏறிப் பார்க்க ஒரு மேடு கூடக் கிடையாது. ஆற்றின் கரைதான் மலை.

2019 மே மாதம் சென்னையிலிருந்து என் மச்சினன் குடும்பத்தோடு வந்தான். கல்யாணமான நாளிலிருந்து "எங்க ஊரு பச்சைப் பசேல்னு இருக்கும், ஒரு தடவை வந்து பாருடா" என்று நான்தான் அவனை அரித்துக்கொண்டிருந்தேன். வந்த மறுநாள் காலையில் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வெண்ணாற்றில் மணல். வடுவூர் ஏரியில் மாடு மேய்கிறது. வயலெல்லாம் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதற்கு முந்தின நவம்பர் 16ஆம் தேதிதான் கஜா புயல் அடித்திருந்தது. சரி, தென்னந்தோப்பாவது காட்டலாம் என்று பட்டுக்கோட்டைப் பக்கம் வண்டியைத் திருப்பினால், தலை போன மரங்கள் கம்பம் கம்பமாக நிற்கின்றன. வண்டிக்குள் யாரும் பேசவில்லை. மச்சினன் மகன், ஒன்பது வயதுப் பையன், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் கேட்டான்: "மாமா, பச்சையா இருக்கும்னு சொன்ன ஊரு இன்னும் வரலையா?"

அவன் அம்மா தொடையில் கிள்ளினாள். நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தப்பு ஊர் மேல் இல்லை, என் மேல்தான். மாதத்தைச் சொல்லாமல் கூப்பிட்டது நான்தானே?

எங்கள் பக்கம் அழகு என்பது தண்ணீர் வரும் தேதியோடு கட்டிப்போட்ட விஷயம். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம், ஜனவரி 28ஆம் தேதி மூடுவது வழக்கம். ஆனால் வழக்கம் வேறு, நடப்பு வேறு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும், கடைமடைக்கு, அதாவது வாய்க்கால் முடிகிற கடைசி வயல்களுக்குப் போக இன்னும் எத்தனையோ நாள். அதனால் ஹோட்டல் ரூம் போடுவதற்கு முன்னால் மேட்டூர் நிலவரத்தைப் பாருங்கள். வருவதற்கு நல்ல நாள் என்றால் ஐப்பசிதான், புரட்டாசிக் கடைசியையும் சேர்த்துக்கொள்ளலாம். "அது மழைக்காலம் ஆச்சே, ரெட் அலர்ட் விடுவாங்களே" என்று யாராவது வருவீர்கள். மழை இல்லாத டெல்டாவைப் பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள்?

நடவு முடிந்து முதல் பதினைந்து இருபது நாள் இருக்கிறதே, அதுதான். பயிர் இன்னும் தூர் கட்டி மூடியிருக்காது, வரிசைக்கு வரிசை தண்ணீர் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரைமேல் நின்றால் வானம் கீழேயும் இருக்கும். பக்கத்து வயலில் டிராக்டர் கேஜ் வீல் (கூண்டு மாதிரி இரும்புச் சக்கரம்) போட்டுச் சேறு அடித்துக்கொண்டிருந்தால், அதன் பின்னால் ஐம்பது அறுபது கொக்குகள் கூலி ஆட்கள் மாதிரி வரிசையாக நடந்து வரும். புரண்ட சேற்றில் புழுவும் தவளைக் குஞ்சும் பொறுக்கத்தான். டிரைவர் திரும்புகிற இடத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி, சொல்லிவைத்த மாதிரி அடுத்த சாலில் இறங்கும். நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் வண்டியை நிறுத்திவிடுகிறேன்.

இனி இடம். "டெல்டாவின் டாப் டென்" மாதிரிப் பட்டியல் என்னிடம் இல்லை. ஒரு யோசனை மட்டும் இருக்கிறது: ஏதாவது ஓர் ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது பிறக்கிற தலைப்பிலிருந்து கடலில் சேருகிற வரைக்கும் கூடவே போங்கள். நான் வெண்ணாற்றைச் சொல்வேன். (குடமுருட்டி ஆற்றுக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எனக்குத் தெரிந்த ஆறு இதுதான்.)

தலைப்பு கல்லணை. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிகிறது. கரிகாலன் சிலை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வெண்ணாற்றுத் தலைப்பின் மேல் கொஞ்ச நேரம் நின்று, கீழே சுழித்துக்கொண்டு வெளியேறுகிற தண்ணீரைப் பாருங்கள். அங்கிருந்து கிழக்கே வந்தால் தென்பெரம்பூர். வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிற இடம். பிறகு தஞ்சாவூரைக் கடந்து நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு. பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிவதால் அந்தப் பெயர். மூன்று பக்கமும் ஷட்டர், நடுவில் நீங்கள், காலடியில் பாலமே அதிர்கிற மாதிரி இரைச்சல். எனக்கு இந்தப் பக்கத்திலேயே பிடித்த இடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை: எந்த ஷட்டருக்குக் கீழேயும் குளிக்க இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள்.

மூணாறு தலைப்பில் பிரிகிற கோரையாறும் பாமணியாறும் கடைசியில் சேருமிடம் முத்துப்பேட்டைக் காயல். அதுதான் மூன்றாவது நாள். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு ஜாம்புவானோடையிலிருந்து படகில் போக வேண்டும். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள், சேற்றிலிருந்து ஊசி ஊசியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கிற மூச்சு வேர்கள். முதல் நாள் கல்லணையில் பார்த்த அதே தண்ணீர் இங்கே உப்புக்கரித்துக்கொண்டு நிற்கும். எனக்கு அது ஒரு மாதிரி மனசைப் பிசையும்.

பறவை பிடிக்கும் என்றால் கார்த்திகை, மார்கழியில் வாருங்கள். வடுவூர் ஏரி தஞ்சாவூர் மன்னார்குடி ரோட்டிலேயே இருக்கிறது. 2022இல் அதையும் உதயமார்த்தாண்டபுரத்தையும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். கோடியக்கரையை 2002இலேயே சேர்த்துவிட்டார்கள். அங்கே வெளிமானும் பூநாரையும் பார்க்கலாம். இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

தை மாதம் வந்தால் தங்க நிறம். படம் எடுக்க அதுதான் நல்லது என்பார்கள். இருக்கலாம். எனக்கு அறுவடை என்றால் நிறமெல்லாம் ஞாபகம் வராது, தார்ப்பாய்தான் ஞாபகம் வரும். அரசு நெல் வாங்குகிற நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மார்கழிப் பனியும் பருவம் தப்பிய மழையும் குடித்த நெல் பதினேழுக்கு எப்படி இறங்கும்? ஒவ்வொரு வருஷமும் தளர்வு கேட்டு மனு, மத்தியக் குழு வந்து ஒரு பிடி நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும், பேப்பரில் படம் வரும். ஒரு வருஷம் ஆறு ராத்திரி குவியல் பக்கத்திலேயே படுத்திருந்தேன். பகலில் தார்ப்பாயை விலக்கிக் காலால் கிளறிக் காய வைப்பது, பொழுது சாய்ந்தால் மூடுவது. கடைசியில் எடுத்தபோது நாற்பது கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று கையில் வேறு வாங்கிக்கொண்டார்கள். எந்த ஊர் நிலையம் என்று சொல்லமாட்டேன், திரும்ப அங்கேதான் போயாக வேண்டும். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் ரோட்டில் நெல் காய்வதைப் பார்த்தால் அதன் மேல் காரை ஏற்றாமல் ஓரமாகப் போங்கள், அதற்காகவாவது இது உதவட்டும்.

மச்சினன் கதைக்கு வருகிறேன். 2022 தீபாவளி லீவுக்கு அவர்களை மறுபடியும் வரவழைத்தேன். "வேண்டாம் அத்தான், பார்த்தாச்சே" என்றான். கட்டாயப்படுத்தினேன். இந்தத் தடவை எங்கேயும் கூட்டிப்போகவில்லை. எங்கள் ஊர் வாய்க்காலில் ஒரு மதகடி உண்டு, பழைய படித்துறை, ஒரு இலுப்பை மரம். அதைத் தாண்டினால் அடிவானம் வரைக்கும் நடவு வயல். சாயங்காலம் அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அந்தப் பையன் தண்ணீருக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை. அப்புறம் திரும்பி, "இப்பதான் வந்துச்சா மாமா?" என்றான். மூன்று வருஷம் ஞாபகம் வைத்திருந்திருக்கிறான்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்லூரியில் படிக்கிற மச்சினன் மகள் வீடியோ எடுத்து, ஊர்ப் பெயரும் மேப்பும் போட்டு அனுப்பினாள். "போடட்டுமா மாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டாள், அந்தப் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. நான்தான் பெருமையாக, "போடும்மா, நாலு பேரு பாக்கட்டும்" என்றேன்.

பார்த்தார்கள். முதலில் ஜோடி ஜோடியாகக் கல்யாணப் போட்டோ எடுக்க வந்தார்கள், அதில் எனக்கு வருத்தமே இல்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பைக்கில் வர ஆரம்பித்தார்கள். படித்துறையில் குடிப்பார்கள், காலி பாட்டிலை மதகுச் சுவரில் அடித்து உடைப்பார்கள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "உங்க இடமா?" என்றார்கள். இல்லைதான், அது பொது வாய்க்கால். பக்கத்து வயல்தான் என்னுடையது.

2024 சம்பா நடவு. தண்ணீர் தாமதமாக வந்த வருஷம், ஆள் கிடைப்பதே பெரும்பாடு. நடவுக்கு வந்தவர்களில் மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மதகு ஓரத்து மூலையில் நட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு நிமிஷம் நிமிர்ந்தார், மறுபடி குனிந்துவிட்டார். வயலில் நத்தை ஓடு கிழிப்பது வழக்கம்தான், அப்படித்தான் நினைத்தாராம். இன்னும் இரண்டு முடி நாற்றை நட்டு முடித்திருக்கிறார். பக்கத்தில் நட்டவள்தான் தண்ணீர் சிவப்பாவதைப் பார்த்துக் கத்தினாள். கரையில் தூக்கி உட்கார வைத்துச் சேற்றைக் கழுவினால், குதிகாலுக்கு மேலே பழுப்பு நிறக் கண்ணாடி, கட்டைவிரல் நகம் அளவு, பாதிக்கு மேல் உள்ளே. ஆஸ்பத்திரியில் ஏழு தையல். அந்த நடவுப் பருவம் முழுக்க அவருக்கு வேலை போயிற்று. கூலியை நான் கொடுத்தேன். "நீ என்ன தம்பி பண்ணுவே" என்றார். நான் என்ன பண்ணினேன் என்று எனக்குத்தானே தெரியும்?

அன்றைக்குச் சாயங்காலம் நானும் என் மகனும் தண்ணீரை வடித்துவிட்டு அந்த மூலையைக் கையால் துழாவினோம். பதினோரு துண்டு கிடைத்தது. எல்லாம் வந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மூலையில் அரைச் செண்ட் அளவுக்கு இப்போது நடுவதில்லை, கோரை மண்டிக் கிடக்கிறது.

"நாலு பேர் செய்ததற்கு எல்லோரையும் சொல்லாதீர்கள்" என்று கீழே எழுதுவீர்கள், தெரியும். உங்களைச் சொல்லவில்லை. குடும்பத்தோடு வருகிறவர்கள் பாட்டில் உடைக்கப் போவதில்லை. அதனால்தான் வெண்ணாற்று வழியை முழுசாக எழுதினேன். இலுப்பை மரத்தை மட்டும் கேட்காதீர்கள்.

ஐப்பசியில் வருவதாக இருந்தால் குடை, மாற்றுத் துணி, பிள்ளைகளுக்குக் கொசுவர்த்தி எடுத்துக்கொள்ளுங்கள். வரப்பில் நடக்க ஆசைப்பட்டால் வயல்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விளைகிற மண்ணில் செருப்போடு இறங்குவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கரையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் முன்பெல்லாம் எழுதியிருப்பேன். இப்போது செருப்போடேயே இறங்குங்கள்.