பிஸ்டலில் ரவை அடிக்கடி சிக்குகிறது: பிஸ்டலில் பிழையா, மகசினில் பிழையா?

கேட்டவர் எழுதியது சுருக்கமாக இதுதான். வங்கிப் பணம் கொண்டுபோகும் வண்டியில் காவல் வேலை. கம்பனி கொடுத்த 9 மில்லிமீற்றர் பிஸ்டல். சுடும் பயிற்சிக்குப் போனால் ஒவ்வொரு மகசினிலும் (ரவைகளை அடுக்கிப் பிஸ்டலின் பிடிக்குள் செருகும் பெட்டி) ஒன்றிரண்டு ரவை பாதி வழியில் நின்றுவிடுகிறது, ஸ்லைட் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) முழுதாக மூடுவதில்லை. பொறுப்பதிகாரி "உன்ர கைப்பிடி சரியில்லை" என்கிறாராம். பிஸ்டலை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்பது கேள்வி.

கேட்க முதல் மகசினைப் பாருங்கள், தம்பி. நான் திருகோணமலையில் இதே மாதிரியான ஒரு நிறுவனத்தின் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்கிறேன். "பிஸ்டல் பழுது" என்று என் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி மகசின் பழுதுதான். பிஸ்டலின் மற்றப் பெரிய பாகங்கள் தடித்தவை, உறுதியானவை. மகசின் மட்டும் மெல்லிய தகடு, உள்ளே ஒரு ஸ்பிரிங், ரவைகளைக் கீழிருந்து மேலே தள்ளும் ஒரு தட்டு, மேலே ரவையைப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு மடித்த விளிம்பு (இதை உதடு என்போம்), அடியில் ஒரு மூடி. கீழே விழுவதும் அதுதான், மணல் போவதும் அதற்குள்தான், பலரின் கை படுவதும் அதில்தான். ஆனால் ஒவ்வொரு சூட்டிலும் ஸ்லைட் பின்னால் போய்த் திரும்பி வருகிற அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள், மிச்சமிருக்கிற எல்லா ரவையையும் ஒரு படி மேலே தூக்கி, அடுத்ததைச் சரியான உயரத்திலும் சரிவிலும் நிறுத்தி வைக்கவேண்டியதும் அதுதான். கொஞ்சம் பிந்தினாலும் சிக்கும், கொஞ்சம் முந்தினாலும் சிக்கும்.

கையில் எடுக்க முதல் ஒன்று. மகசினை முதலில் கழற்றுங்கள், அதற்குப் பிறகுதான் ஸ்லைடை இழுக்கவேண்டும். ஒழுங்கை மாற்றினால் ஒரு ரவை வெளியே வரும், மகசினிலிருந்து அடுத்தது உள்ளே போய்விடும். ஸ்லைடைப் பின்னால் பூட்டிவிட்டு, சேம்பரை (குழலின் பின்முனையில் ரவை போய் இருக்கும் அறை) கண்ணால் பாருங்கள், சின்னவிரலாலும் தொட்டுப் பாருங்கள். கையால் ஸ்லைடை இழுத்துப் பார்க்கிற சோதனை எல்லாம் டம்மி ரவையில் (மருந்து இல்லாத போலி ரவை) மட்டும். உண்மையான ரவை சுடும் திடலில் மட்டும். தங்குமிட அறையில் "ஒருக்கா ஏத்திப் பாப்பம்" என்று யாராவது உண்மையான ரவையை எடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், அவர் உங்களுக்கு எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் சரி.

இப்போது சோதனை. உங்களிடம் உள்ள எல்லா மகசின்களின் அடியிலும் பெயின்ட் பேனையால் இலக்கம் போடுங்கள். நகப்பூச்சு இருந்தாலும் போதும். ஒரு சின்னக் கொப்பியில் எந்த மகசின், எத்தனையாவது ரவையில் சிக்கியது, எப்படிச் சிக்கியது என்று மூன்று விஷயம் எழுதுங்கள். சிக்கியதும் பயத்தில் உடனே தட்டி இழுத்துச் சரிசெய்துவிடுவது பழக்கம். பணியில் அதுதான் சரி, பயிற்சியில் வேண்டாம். விரலை எடுத்து, குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, ஸ்லைடுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள், பயிற்றுநரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், முடிந்தால் அவரை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதே மகசினைப் பக்கத்து ஆளின் அதே மாதிரிப் பிஸ்டலில் போட்டுச் சுடச் சொல்லுங்கள். கோளாறு மகசினோடு போனால் மகசின். உங்கள் பிஸ்டலில் எந்த மகசினைப் போட்டாலும் சிக்கினால் பிஸ்டல், அல்லது ரவை, அல்லது கைப்பிடி. ஆளையும் மாற்றிப் பார்க்கவேண்டும்: உங்கள் பிஸ்டல், உங்கள் மகசின், வேறொருவர் கை. தளர்வாகப் பிடித்தால் ஸ்லைட் முழுத்தூரம் பின்னால் போகாது என்பது உண்மைதான், அதில் வரும் சிக்கலும் பார்வைக்கு மகசின் கோளாறு மாதிரியே இருக்கும். ஆனால் ஆளை மாற்றிப் பார்க்காமலே பொடியனின் கைமேல் பழியைப் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. அதே மகசின் அடுத்தவர் கையிலும் சிக்கினால் அந்தக் கதை அங்கேயே முடிகிறது.

சிக்கிய விதம் நிறையச் சொல்லும். ரவையின் மூக்குக் கீழே குனிந்து மகசினின் முன்சுவரிலோ சேம்பருக்குக் கீழுள்ள சரிவிலோ குத்திக்கொண்டு நின்றால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது தள்ளும் தட்டு சாய்ந்து போகிறது, அல்லது உள்ளே அழுக்கு. மூக்கு மேலே தூக்கிச் சேம்பரின் மேல்விளிம்பில் முட்டினால், உதடுகள் அகன்று ரவையை நேரத்துக்கு முன்பே விட்டுவிடுகின்றன என்று சந்தேகிக்கலாம். எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட ரவையின் வெறும் கோதைப் பிடித்து இழுக்கும் கொக்கி) இறுக்கமாக இருந்தாலும் இதே தோற்றம்தான் வரும், அதனால்தான் பிஸ்டலை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். மகசினில் ரவை இருக்கும்போதே ஸ்லைட் அதைத் தாண்டி வெறும் சேம்பரில் மூடினால், அல்லது ரவையின் நடு உடம்பில் வந்து மோதினால், ஸ்பிரிங் பிந்திவிட்டது, இல்லாவிட்டால் மகசின் கடைசிவரை ஏறிப் பூட்டவில்லை. உள்ளங்கையால் அடித்து ஏற்றி ஒருமுறை கீழே இழுத்துப் பாருங்கள், அசையக்கூடாது. அசைந்தால் மகசினின் பக்கத்தில் பூட்டு விழுகிற வெட்டு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எத்தனையாவது ரவை என்பதை எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பிரிங் ஆகக் கூடுதலாக அழுந்தியிருப்பது முதல் ரவைக்கு, ஆகக் கூடுதலாக விரிந்திருப்பது கடைசி ரவைக்கு. கடைசி ஒன்றிரண்டில் மட்டும் சிக்கினால் ஸ்பிரிங்கில் வலு இல்லை. முதலாவது மட்டும் சிக்கினால் அளவுக்கு மிஞ்சி நிறைந்திருக்கிறது. ஒன்று குறைத்துப் போட்டுப் பாருங்கள், சரிவந்தால் காரணம் பிடிபட்டது. கடைசி ரவை போனபிறகும் ஸ்லைட் பின்னால் பூட்டாவிட்டால் அதுவும் பெரும்பாலும் ஸ்பிரிங் அல்லது தட்டின் குதி தேய்ந்தது, ஆனால் உங்கள் பெருவிரல் ஸ்லைடைப் பூட்டும் நெம்பின்மேல் கிடக்கிறதா என்பதையும் கூட நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்ட கோது வெளியே வராமல் அடுத்த ரவை வந்து பின்னால் இடித்தால் அது பெரும்பாலும் எக்ஸ்ட்ராக்டர் பக்கம், மகசினில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

எங்கள் பகுதிக்கு வருவோம். நிலாவெளிப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ போய்வருகிற வண்டிகளில் நாள் முழுக்க உப்புக்காற்று, மகசின் பை இடுப்பில், அதன்மேல் வியர்வை. அப்படி வந்த ஒரு மகசினை அண்மையில் திறந்தேன். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு நடுவே எண்ணெயும் மணலும் துருப்பொடியும் சேர்ந்து பிசின் மாதிரி ஒரு செம்மண் நிறக் களி. வெறும் மகசினில் ஒரு குச்சியால் தட்டைக் கீழே அழுத்தி விட்டால் ஒரே மூச்சில் மேலே வரவேண்டும். இதில் பாதிவரை வந்து, நின்று, பின்பக்கம் சாய்ந்து, பிறகுதான் மெல்ல ஊர்ந்தது. அந்தத் தம்பி எண்ணெய் போட்டது பராமரிக்கிறேன் என்ற நல்ல எண்ணத்தில்தான். ஆனால் மகசினின் உட்புறம் காய்ந்திருக்கவேண்டும். எண்ணெய் மணலைப் பிடித்து வைத்திருக்கும், ரவையின் பிரைமருக்குள் (அடியில் தீப்பொறி கொடுக்கும் பகுதி) ஊறினால் ரவையே வெடிக்காமல் போகலாம். ஈராக் யுத்தத்தில் அமெரிக்கப் படையின் பெரெட்டா எம்9 பிஸ்டல்களுக்கும் இதேதான் நடந்தது. மகசினின் உட்பூச்சு சொரசொரப்பாக இருந்து நுண்மணலைப் பிடித்துக்கொண்டதால் ரவை ஏறாமல் நின்றது, பிறகு வழவழப்பான பூச்சோடு மணலுக்கென்றே மகசின் செய்தார்கள். பிஸ்டலை மாற்றாமலே அந்தக் குறையைக் குறைக்க முடிந்தது.

திறந்து துப்புரவாக்க உங்களுக்கு அனுமதி இருந்தால் (சில நிறுவனங்களில் ஆயுதப் பொறுப்பாளர்தான் செய்யவேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள்) கண்ணாடி போட்டுக்கொண்டு, அடிமூடியைத் தள்ளும்போது பெருவிரலால் ஸ்பிரிங்கை அமத்திப் பிடியுங்கள், விட்டால் முகத்துக்கு வரும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்ற முதலே படம் எடுத்து வையுங்கள். திருப்பிப் போட்ட ஸ்பிரிங்கால் தட்டு சாய்ந்து மூக்குக் குனிகிற கோளாறு நான் கண்ட அளவில் மிகச் சாதாரணம். பிரஷால் உள்ளே தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். மாரி காலத்தில் ஒரு இரவு முழுக்க மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் தப்பில்லை. உருக்கு மகசினின் வெளிப்புறத்தை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். உதடுகளைப் புதிய மகசின் ஒன்றோடு வேர்னியர் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பின்மூலைகளில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். அகன்றிருந்தால் குறட்டால் நெரிக்கவேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வராது, அந்தத் தகடு பதப்படுத்தியது, அடுத்த முறை வெடிக்கும். ஸ்பிரிங்கைக் கையால் இழுத்து நீட்டுவதும் அப்படித்தான், சில நாளில் பழையபடி சுருங்கிவிடும்.

ஸ்பிரிங் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். நிறைத்து வைத்திருப்பதால் போகிறது என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. குறித்த அளவுக்குள் நிறைத்து வைப்பதைவிட, மறுபடி மறுபடி நிறைப்பதும் வெறுமையாக்குவதும்தான் ஸ்பிரிங்கைக் கூடுதலாகக் களைக்கச் செய்யும். எங்கள் வேலையில் ஒவ்வொரு ஷிஃப்ட் கைமாறும்போதும் ரவைகளைக் கழற்றி எண்ணி மறுபடி போடுகிறோம், அதனால் அதிகம் சுடாத பிஸ்டலிலும் மகசின் வயதாகிவிடுகிறது.

இதிலேயே இன்னொன்று இருக்கிறது, எனக்குச் சிக்கலைவிட இதுதான் பயம். தினமும் அதே மேல் ரவையைச் சேம்பருக்குள் ஏற்றி இறக்கினால் ஈயமுனை கொஞ்சம் கொஞ்சமாகக் கோதுக்குள் அழுந்திப் போகும். நீளம் குறைந்த அந்த ரவை ஏறும்போதும் தடுமாறும், சுடும்போது கோதுக்குள் அழுத்தமும் கூடும், அது துப்பாக்கியையும் கையையும் பதம்பார்க்கக்கூடிய அளவுக்குப் போகலாம். பெட்டியிலிருந்து எடுத்த புதிய ரவை ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாதீர்கள், தனியாக எடுத்து வைத்து ஒப்படையுங்கள்.

ஆகவே முதலில் கேட்கவேண்டியது பிஸ்டலை இல்லை. கொப்பியில் எழுதியதைக் காட்டி, "மூன்றாம் இலக்க மகசின், இரண்டு பிஸ்டலிலும், இரண்டு பேர் கையிலும் சிக்கியது, மாற்றித் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். மகசின் டயர் மாதிரித் தேய்கிற சாமான், பிஸ்டலோடு ஒப்பிட்டால் விலையும் சின்னது, இப்படி ஆதாரத்தோடு கேட்டால் மறுப்பது கஷ்டம். அதுவரை அந்த மகசினைப் பணிக்குக் கொண்டுபோகாதீர்கள், சிவப்பு நாடா ஒட்டிப் பயிற்சிக்கு மட்டும் வையுங்கள். எல்லா மகசினும் மாற்றிய பிறகும் உங்கள் பிஸ்டல் மட்டும் சிக்கினால், அது அனுமதியுள்ள ஆயுதத் திருத்துநர் பார்க்கவேண்டிய வேலை, நீங்கள் ஒன்றையும் அராவவேண்டாம்.

சிக்கிய நேரத்தில் எடுத்த படம் இருந்தால் கீழே போடுங்கள், எத்தனையாவது ரவை என்பதையும் சேர்த்து. துப்பாக்கியின் தொடர் இலக்கமும் கம்பனியின் பெயரும் மட்டும் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.