நாற்று எவ்வளவு, கொல்லை எவ்வளவு?

தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: வயது 29. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நெற்றியில் தொடங்கிய வழுக்கை உச்சியைத் தாண்டிவிட்டது. காதுக்கு மேலேயும் பின்தலையிலும் மட்டும்தான் முடி. படங்கள் இணைத்திருக்கிறேன். அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் இப்படித்தான். போர்வெல் தண்ணீர்தான் காரணம் என்கிறார் அம்மா. போன மாதம் பெண் பார்க்கப் போன இடத்தில் என் வயதை இரண்டு முறை கேட்டார்கள். தை மாதம் எப்படியும் திருமணம் என்று வீட்டில் முடிவு. பெங்களூருவில் முடி நடும் அறுவை செய்யும் ஒரு நிலையத்தில், ஒரே தவணையில் 6,000 கிராஃப்ட் (முடி வேர்க்கொத்து) வைத்துத் தலை முழுவதையும் மூடிவிடலாம் என்று சொல்லி, புரட்டாசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். முன்பணம் கட்டலாமா, டாக்டர்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: கட்டாதீர்கள், தம்பி.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். இவ்வளவு பெரிய அளவில் செய்யும்போது தலையை மழித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். நட்ட முடிகள் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டிவிடும். வேர் உள்ளே உறங்கிக் கிடந்து, மூன்று நான்கு மாதம் கழித்துப் பூனைமுடியாக எட்டிப் பார்க்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். புரட்டாசியில் செய்துகொண்டால், தை முகூர்த்தத்தில் உங்கள் தலை இன்று இருப்பதைவிடச் சுமாராகத்தான் இருக்கும். தேதி கொடுத்தவர்கள் இதைச் சொன்னார்களா?

அடுத்தது கணக்கு. பாலக்கோடு பக்கம் கேழ்வரகு நட்ட வீட்டில் பிறந்தவன் நான். நடவுக்கு முன் அப்பா கொல்லையைப் பார்க்கமாட்டார். நாற்றங்காலைத்தான் போய்ப் பார்ப்பார். நாற்று குறைவாக இருந்தால் பாதையோரப் பாத்திகளை நெருக்கமாக நட்டுவிட்டு, கடைசிப் பாத்தியை மொச்சைக்கு விட்டுவிடுவார். உங்கள் பின்தலைதான் நாற்றங்கால்; அங்கிருந்து வேரோடு எடுத்துத்தான் வழுக்கையில் நடுவார்கள். ஆனால் இதில் மறுபடி விதைக்க முடியாது. எடுத்த வேர் எடுத்ததுதான்.

கிராஃப்ட் என்பது ஒன்று முதல் நான்கு முடிகள் வரை சேர்ந்திருக்கும் ஒரு வேர்க்கொத்து. படங்களைப் பார்த்தால் நீங்கள் ஆண்களின் வழுக்கையை அளக்கும் நார்வுட் அளவுகோலின் ஏழு படிகளில் ஆறாவதில் நிற்கிறீர்கள். வழுக்கைப் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். இயற்கையான அடர்த்தியில் பாதி இருந்தாலே கண் ஏமாந்துவிடும். அதற்கே சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராஃப்ட் வேண்டும். ஆக 8,000. நல்ல பின்தலையிலிருந்து ஆயுள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 6,000 வாக்கில்தான். பலருக்கு அதுவும் தேறாது. அதாவது உங்கள் ஆயுள் இருப்பு முழுவதையும் ஒரே தவணையில் வாரப் போகிறார்கள். பின்தலை கோழி கிளறிய நாற்றங்கால்போல் ஆகிவிடும். வழுக்கை இன்னும் கீழே இறங்கினால் நடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

என் கணக்கை நம்ப வேண்டாம். நீங்களே அளந்து பாருங்கள். மெல்லிய பாலித்தீன் தாளைத் தலையில் இழுத்துப் போர்த்தி, வழுக்கையின் ஓரத்தை ஸ்கெட்ச் பேனாவால் தங்கையை வரையச் சொல்லுங்கள். அதைக் கட்டம் போட்ட தாளின்மேல் விரித்துச் சென்டிமீட்டர் கட்டங்களை எண்ணுங்கள். பின்தலையின் அடர்த்தியை மட்டும் மருத்துவர்தான் உருப்பெருக்கி வைத்து எண்ண வேண்டும். எண்ணாமல் எண்ணிக்கை சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முன்பக்கத்துக்கும் நடுவுக்கும் மட்டும் 2,500 முதல் 3,000 வரை வைத்துக்கொள்வேன். முகத்துக்குச் சட்டம் போடுவது முன்முடிதான். உச்சிச் சுழியை மொச்சைக்கு விட்டுவிடலாம். முன்கோட்டைப் புருவ மத்தியிலிருந்து நான்கு விரற்கடைக்குக் கீழே இறக்க விடாதீர்கள். இருபத்து நான்கு வயதில் பள்ளிப் பையன்போலத் தாழ்வாகக் கோடு போட்டுக்கொண்ட லாரி உரிமையாளர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் தொப்பியைக் கழற்றினார். முன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு முடி. அதற்குப் பின்னால் பளிங்குத் தரை. வேலி இருந்தது, கொல்லை இல்லை. பின்தலையிலோ எடுக்க ஒன்றும் பாக்கியில்லை. தாடியிலிருந்து கொஞ்சம் எடுத்து நடுவில் வைக்கலாம் என்று வேறொரு மருத்துவரிடம் அனுப்பினேன். தாடிமுடி முரடு, நடுத்தலைக்கு ஆகும், முன்கோட்டுக்கு ஆகாது.

இருக்கும் முடியைக் காக்க ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரையும் தலையில் தடவும் 5 சதவீத மினாக்சிடிலும் உண்டு. விட்டால் பலனும் போய்விடும். அந்த மாத்திரையால் சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம். மாப்பிள்ளை ஆகப் போகிறவர், கூச்சப்படாமல் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். ஓராண்டு பார்த்துவிட்டு அறுவைக்குப் போகலாம்.

கத்தியைப் பிடிக்கப் போவது யார் என்றும் கேளுங்கள். பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும், உதவியாளர் செய்யக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. 2016-இல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தார். மயக்க மருந்து நிபுணர் உடனிருக்கிறாரா என்று கேட்பதில் தவறே இல்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள்: தண்ணீரில் ஃப்ளூரைடு மிகுந்தால் பல்லும் எலும்பும் கெடும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. உங்கள் வழுக்கைக்குப் பொறுப்பு அப்பாவும் தாய்மாமாவும்தான். திருமணத்துக்கு, இருக்கும் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள். ஓரத்தில் நீளமாக விட்டு மேலே சீவுவதுதான் வயதைக் கூட்டிக் காட்டும். வயதைக் கேட்டால் 29 என்று மூன்றாம் முறையும் சொல்லுங்கள்.

கேள்வி: ஒகேனக்கல்லில் மாதம் ஒருமுறை எண்ணெய் மசாஜ் செய்துகொண்டால் முடி வளருமா? தேய்க்கும்போது கையோடு முடி வருகிறதே?
ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: வளராது. கையோடு வருபவை எப்படியும் உதிர இருந்தவை. ஒரு நாளில் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. உடம்பு வலிக்கு அந்த மசாஜ் எனக்கும் பிடிக்கும். தலையை மட்டும் விட்டுவிடச் சொல்வேன். என் தலையில் எண்ணெய் நிற்பதில்லை. வழுக்கிக்கொண்டு நேராகக் கண்ணுக்குள் வந்துவிடுகிறது.