தேவன் நகைச்சுவை எழுத்தாளர் மட்டும்தானா?

இல்லை என்பதே என் பதில். 1913இல் திருவிடைமருதூரில் பிறந்து, கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, ஆனந்த விகடனில் நெடுங்காலம் பணியாற்றி 1957இல் மறைந்த, 'தேவன்' என்ற புனைபெயரில் எழுதிய ஆர். மகாதேவன், குற்றக்கதையை ஒரே அச்சில் வார்த்தவரல்லர். 'துப்பறியும் சாம்பு'வில், அசடான வங்கிக் குமாஸ்தா ஒருவர் தற்செயலாகவே குற்றவாளிகளைப் பிடித்துவிட, உலகம் அதை அபார மூளை என்று கொண்டாடுவதால், துப்பறிவாளர் என்ற பிம்பமே கேலிக்குள்ளாகிறது. 'ஜஸ்டிஸ் ஜகந்நாத'னிலோ ஒரு கொலை வழக்கின் விசாரணையையே நாவலாக்கி, சாட்சிகளின் வாக்குமூலங்கள், வழக்கறிஞர்களின் குறுக்கு விசாரணை ஆகியவற்றின் வழியாகவே மர்மத்தை நகர்த்துகிறார். அவருடைய உச்சம் இதுதான் என்பேன். அந்தச் சாட்சிகள் பேசுவதைக் கேட்டால், காவிரிக்கரைத் திண்ணைகளில் வளர்ந்த எங்களுக்கு (வம்பளப்பில் நாங்கள் யாருக்கும் இளைத்தவர்களல்லர்) ஆளைத் தெரிந்தது போலவே இருக்கும். சிரிப்பைக் குறைத்துத் துப்பறிதலை மட்டும் விரும்புவோர் 'சி.ஐ.டி. சந்துரு'விலிருந்து தொடங்கலாம்.