புனிதப் பள்ளத்தாக்கு ஒருநாள் சுற்றுலா: ஆறு இடமா, மூன்று இடமா?

கேள்வி: ஜூலையில் பெற்றோருடன் நான்கு பேராகப் பெரு போகிறோம். முதல் நாள் காலை லீமாவிலிருந்து விமானத்தில் குஸ்கோ. மறுநாள் சிறு குழுவோடு, குஸ்கோ அருகிலுள்ள புனிதப் பள்ளத்தாக்கில் ‘ஒரே நாளில் ஆறு இடம்’ சுற்றுலா. மூன்றாம் நாள் மச்சு பிச்சு. அதற்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிறகு இரண்டு நாள் குஸ்கோவில் ஓய்வு. அப்பா ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், அம்மாவுக்கு முழங்கால் வலி. எல்லோரும் சைவம். இந்தத் திட்டம் சரிவருமா?

பதில்: இடங்களில் குறையில்லை, நாட்களின் வரிசைதான் தலைகீழ். ஓய்வு கடைசியில் இருக்கிறது. உடம்புக்கு அது தேவைப்படுவது முதல் இரண்டு நாளில். மச்சு பிச்சு தேதியைத் தொடாமலே இதைச் சரிசெய்யலாம்.

கடல் மட்டத்திலிருக்கும் லீமாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,400 மீட்டர் உயரமுள்ள குஸ்கோவில் இறங்குகிறீர்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் அன்று இரவுதான் ஆரம்பிக்கும். விடிந்ததும் வேன் ஏறினால் முதல் நிறுத்தமே சின்செரோவாக இருக்கக்கூடும். அது 3,760 மீட்டர், குஸ்கோவைவிட உயரம். மச்சு பிச்சுவோ 2,430 மீட்டர்தான். உயரம் குறைந்த இடத்துக்கு முதலில் போய்விட்டு, உயரமான ஊர்களைப் பிறகு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆகவே முதல் நாள் குஸ்கோவில் தங்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்தே டாக்சி பிடித்து, பள்ளத்தாக்கிலுள்ள ஒல்லாந்தாய்தாம்போ என்ற ஊருக்குப் போய்விடுங்கள். சுமார் இரண்டு மணி நேரம். வழியில் மேட்டைக் கடக்க வேண்டியிருந்தாலும், இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதே முக்கியம். அங்கே 2,800 மீட்டர். குஸ்கோவைவிட 600 மீட்டர் கீழே. இரண்டாம் நாள் காலையில் அங்குள்ள இடிபாடுகளைப் பார்த்துவிட்டு அங்கேயே ஓய்வு. மூன்றாம் நாள் மச்சு பிச்சு ரயிலை அதே ஊர் நிலையத்தில் பிடிக்கலாம்; ரயிலில் சிறிய பைக்குத்தான் அனுமதி என்பதால் பெரிய பெட்டிகளை விடுதியில் விட்டுச் செல்லுங்கள். சாயங்காலம் திரும்பி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு குஸ்கோ. நான்காம் நாள் ஓய்வு, ஐந்தாம் நாள் சுற்றுலா.

இப்படி மாற்றினால் ஆறு இடமும் ஒரே நாளில் தேவைப்படாது. அந்த விளம்பரத்தின் கணக்கைப் பாருங்கள். சின்செரோ, மோராய், மராஸ் உப்பளம், உருபாம்பா, ஒல்லாந்தாய்தாம்போ, பிசாக் என்று சுற்றித் திரும்ப வண்டி ஓட்டமே ஐந்தரை மணி நேரம் ஆகும். சாப்பாட்டுக்கு ஒரு மணி. பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் மிச்சம் ஐந்தரை மணி. அதிலும் வெள்ளிக் கடை, கம்பளிக் கடை என்று இடையில் நிறுத்துவார்கள். கடைசியாக வரும் பிசாக்கை இருட்டும் நேரத்தில் அரக்கப்பரக்கப் பார்ப்பீர்கள்.

உங்களுக்குப் பொருந்துவது சின்செரோ–மோராய்–மராஸ் அரைநாள் சுற்று. காலையில் கிளம்பி மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் குஸ்கோ திரும்பிவிடும். மோராயில் வட்டவட்டமாக இறங்கும் படிக்கட்டு வயல்களை மேல் விளிம்பில் நின்றே பார்த்துவிடலாம். அது இன்காக்களின் வேளாண் சோதனைக்கூடம் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அது ஒரு கருத்துதான், உறுதியாகவில்லை. மராஸில் உப்பு நீரூற்று ஒன்று மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான பாத்திகளை நிரப்புகிறது. ஜூலை வறண்ட காலம், பாத்திகள் வெள்ளை வெளேரென்று இருக்கும். பாத்திகளுக்கு நடுவே நடக்க இப்போது விடுவதில்லை. முழங்காலுக்கு அதுவும் நல்லதே.

பதிவு செய்யும்போது ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சின்செரோ என்றால் இடிபாடுகளா, நெசவுக்கூடம் மட்டுமா? விலை குறைந்த சுற்றுகள் பலவற்றில் நெசவுக்கூடத்தோடு சரி. இன்கா அரசர் துபாக் யுபான்கியின் மாளிகைச் சுவர்மேல் ஸ்பானியர்கள் எழுப்பிய தேவாலயமும், அதன் கீழே இறங்கும் படிக்கட்டு வயல்களும் கண்ணிலேயே படாது. அதே கடிதத்தில் வண்டியில் எத்தனை பேர், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் என்பதையும் கேளுங்கள். ‘சிறு குழு’ என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு உண்டு. பதினைந்து பேருக்கு மேல் போனால் அம்மாவின் நடைக்குக் குழு காத்திருக்காது. நான்கு பேர் என்பதால் தனி வண்டிக்கும் ஒரு விலை கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் பல நேரம் பெரிதாக இருக்காது.

நெசவுக்கூடமும் வீணில்லை. கள்ளிச்செடியில் ஒட்டியிருக்கும் கொச்சினீல் என்ற சாயப் பூச்சியை நெசவுப் பெண் ஒருவர் உள்ளங்கையில் நசுக்குவார், ரத்தச் சிவப்பு. இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் அதே கையில் அது ஆரஞ்சாக மாறும். அதுவரை இலவசம், அதற்குப்பின் வியாபாரம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. எல்லாமே அல்பாக்கா கம்பளி என்பார்கள். மலிவு விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் கலந்த இயந்திரத் துணி.

நுழைவுச்சீட்டுக்கு வருவோம். குஸ்கோ சுற்றுலாச் சீட்டில் முழுச்சீட்டு 130 சோல் (பெரு நாணயம்), 10 நாள் செல்லும். பள்ளத்தாக்குக்கு மட்டுமான பகுதிச்சீட்டு 70 சோல், பிசாக், ஒல்லாந்தாய்தாம்போ, சின்செரோ, மோராய் நான்குக்கும் சேர்த்து. ஆனால் 2 நாள்தான் செல்லும். நீங்கள் இரண்டாம் நாள் ஒன்று, ஐந்தாம் நாள் இரண்டு பார்ப்பதால் பகுதிச்சீட்டை இருமுறை வாங்கி 140 கொடுக்க வேண்டிவரும். முழுச்சீட்டே லாபம், குஸ்கோவுக்கு மேலே உள்ள சாக்சாய்வாமன் கோட்டையும் அதில் அடங்கும். ஒரு இடத்துக்கு ஒருமுறைதான் நுழையலாம். மராஸ் உப்பளத்துக்குத் தனிக் கட்டணம். சுற்றுலா விலையில் இவை பெரும்பாலும் சேர்ந்திருக்காது, சோல் நோட்டாகக் கையில் வையுங்கள். ஓரம் கிழிந்த நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஒல்லாந்தாய்தாம்போ கோயிலுக்கு 200 படிகளுக்கு மேல். இரண்டாம் நாள் காலை ஏழு மணிவாக்கில், பேருந்துக் கூட்டம் வருமுன் ஏறுங்கள். உச்சியில் ஆறு இளஞ்சிவப்புப் பாறைகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஆற்றுக்கு அக்கரை மலையில் வெட்டி, கீழே இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி மேலே ஏற்றியவை. அவற்றுக்கு இடையே பட்டை பட்டையாகச் செருகியிருக்கும் மெல்லிய கற்களைக் கவனியுங்கள். அம்மா ஏற வேண்டாம். கீழே நீரூற்றுப் பகுதியும், தெருவோரம் இன்கா வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடும் பழைய ஊரும் சமதரை.

உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரையை வழக்கமாக 125 மில்லிகிராம், தினம் இருமுறை, உயரத்துக்குப் போவதற்கு முந்தைய நாளே தொடங்கித் தருவார்கள். அப்பா சாப்பிடுவது சிறுநீர் பிரிக்கும் வகை ரத்த அழுத்த மாத்திரை என்றாலோ, யாருக்கேனும் சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இருந்தாலோ, மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. விரல் நுனி மரத்துச் சுரீரென்பது இந்த மாத்திரையில் சகஜம். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ சுற்றுலாவை விட்டுவிட்டு உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போங்கள். கோக்கா தேநீர் குடிக்கலாம்; ஊருக்கு ஒரு பொட்டலம்கூடக் கொண்டுவராதீர்கள். இந்தியாவில் கோக்கா இலை போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.

சாப்பாட்டில் ஏமாற்றுவது சூப். கினோவா என்ற தானியத்தின் சூப் பார்க்கச் சைவம், அடியில் கோழிச்சாறு. ‘சின் கார்னே, சின் போயோ, சின் கால்தோ தே போயோ’ என்று சொல்லிக் கேளுங்கள். இறைச்சி, கோழி, கோழிச்சாறு எதுவும் வேண்டாம் என்று பொருள். வழியோரத்தில் விற்கும் வேகவைத்த பெருமணிச் சோளமும் பாலாடைக்கட்டியும் நம்பிச் சாப்பிடலாம். அரைநாள் சுற்றில் மதிய உணவு பெரும்பாலும் கிடையாது, பையில் ஏதாவது இருக்கட்டும். காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும், பத்து மணிக்கு மேல் தொப்பியும் சன்ஸ்கிரீனும்.

ஜூலை 28, 29 பெருவின் சுதந்திர தின விடுமுறை. உங்கள் தேதி அதன் அருகில் என்றால் ரயிலையும் விடுதியையும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.