மலையில் ஓடும் பழைய காருக்கு எவ்வளவு காற்று?

கேள்வி: 2006 மாருதி 800 வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு தடவை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போய் வருவேன். மலையில் ஓடும் வண்டிக்கு 40 பி.எஸ்.ஐ. வேண்டும் என்கிறார் டயர் கடைக்காரர். பங்கில் 28 போதும் என்கிறார்கள். எது சரி?

பதில்: முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் காற்றளவு போட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். அழிந்திருந்தால் கையேட்டில் அந்த அளவு இருக்கும். பழைய கையேடுகளில் கிலோ கணக்கில் (சதுர செ.மீ.-க்கு இத்தனை கிலோ என்று) போட்டிருப்பார்கள், 14.2-ஆல் பெருக்கினால் பி.எஸ்.ஐ. வந்துவிடும். 1.8 என்றிருந்தால் ஏறக்குறைய 26. ஆள் நிறைய ஏறினால் தனி அளவு கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். மலைக்கென்று தனிக் கணக்கு கிடையாது.

டயரின் பக்கவாட்டில் 'மேக்ஸ்' என்று பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச வரம்பு. 40 என்ற எண் பெரும்பாலும் அதைப் பார்த்துச் சொல்வதுதான். எடை குறைந்த 800-க்கு 40 வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டுமே ரோட்டைத் தொடும், நடுவிலேயே தேயும். உங்கள் காரில், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. மழையில் யூகலிப்டஸ் இலை ஒட்டிக் கிடக்கும் வளைவில் பிரேக் மிதித்தால் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். குறைத்து வைப்பதும் ஆபத்துதான். கொண்டை ஊசி வளைவில் பக்கவாட்டுச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், இரண்டு ஓரமும் தேயும், ஸ்டீயரிங் கனக்கும்.

உயரத்தால் காற்றளவு மாறுமே என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டரிலும் கோத்தகிரி சுமார் 1,800 மீட்டரிலும் இருப்பதால், மேலே வரும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, கேஜில் ஏறத்தாழ 2.5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் குளிர் 10 டிகிரிக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. வீதம் அதைக் குறைத்துவிடும். 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

தவறு நடப்பது பெரும்பாலும் மலையடிவாரத்தில்தான். காலையில் வீட்டில் 28 வைத்துக் கிளம்புகிறீர்கள். பிரேக் சூடும் ரோட்டுச் சூடும் சேர்ந்து, கீழே பங்கில் கேஜ் 32 காட்டுகிறது. 'ஜாஸ்தியா இருக்கு' என்று 28-க்கு இறக்கிவிடுவார்கள். மறுநாள் குளிர்ந்த டயரில் பார்த்தால் 25-கூட இருக்காது. சூடாக இருக்கும்போது காற்றை இறக்கவே கூடாது. வண்டி மூன்று மணி நேரம் நின்ற பிறகு பாருங்கள், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடியிருந்தால் பாருங்கள். அந்த அளவுதான் கணக்கு.

கேள்வி: ஒரு சக்கரத்தில் மட்டும் வாரத்துக்கு 4, 5 பி.எஸ்.ஐ. இறங்குகிறது. பஞ்சர் இல்லை என்கிறார்கள். டியூப்லெஸ் டயர், வண்டி பழையது. (குன்னூர் வாசகர்)

பதில்: வால்வு மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் பின் போயிருக்கிறது, மாற்றச் சில நிமிடம் போதும். வராவிட்டால் வால்வை லேசாக வளைத்துப் பாருங்கள்; அடியில் ரப்பர் வெடித்திருக்கலாம்.

இரண்டும் இல்லையென்றால் எனக்கு ரிம் மேல்தான் சந்தேகம். குன்னூர் ஈரத்தில் இரும்பு ரிம்மின் விளிம்பு துருப்பிடித்துச் செதில் செதிலாக எழும்பும், டயர் அதில் பதிந்து உட்காராது. டயரைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்து, பீட் சீலர் (டயர் விளிம்பில் கசிவை அடைக்கும் பசை) தடவி மாட்டச் சொல்லுங்கள். துரு குழி பறித்திருந்தால் ரிம்மையே மாற்றிவிடுங்கள். 'டியூப் போட்டுடலாம்' என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். டியூப்லெஸ்ஸில் ஆணி குத்தினால் காற்று மெல்ல இறங்கும், டியூபில் சட்டென்று இறங்கிவிடும். மலை இறக்கத்தில் அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

கேள்வி: சொந்தமாக ஏர் கேஜ் வாங்குவது அவசியமா? (ஊட்டி வாசகர்)

பதில்: கட்டாயம் வாங்குங்கள். பங்க் கேஜ் நாள் முழுக்கக் கீழே விழுந்து அடிபடுவது. அரை பி.எஸ்.ஐ. துல்லியமாவது காட்டும் டிஜிட்டல் கேஜ் போதும். மாதம் இரண்டு தடவை, காலையில் வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். அதை மட்டும் 2, 3 பி.எஸ்.ஐ. கூட வைத்தால், தேவைப்படும்போது கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம்.