மூன்றாம் வரிசையில் யார் உட்காருவது?

கேள்வி: புதிதாக ஏழு பேர் உட்காரும் காரை வாங்கியிருக்கிறீர்களாமே, உண்மையிலேயே ஏழு பேர் போக முடிகிறதா சார்?

பதில்: போகலாம், பெட்டிகளை வீட்டிலேயே விட்டுவிட்டால்! மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் கைப்பைகளுக்குத்தான் இடம். அந்த வரிசையில் தரை உயரம், இருக்கை தாழ்வு. என் முழங்கால் மார்பைத் தொடுகிறது. பிள்ளைகளுக்கோ அது தனி ராஜ்ஜியம். ஒரு சிக்கல், நடு வரிசையில் கைக்குழந்தை இருக்கையை ஐசோஃபிக்ஸ் கொக்கியில் (குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்கென்றே காரில் இருக்கும் கொக்கி) மாட்டிவிட்டால் அந்தப் பக்கத்தை மடக்கிப் பின்னால் போக முடியாது. மறுபக்கம்தான் வழி.

அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது இருக்கையின் உயரம். குனியாமல் அப்படியே உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொள்கிறார். எனக்குப் பிடிக்காதது தொடுதிரை. ஏசியைக் குறைக்கக்கூட அதைப் பார்க்க வேண்டும். பழைய காரில் திருகும் குமிழைத் தேடிக் கை தானாகப் போகும், கண் ரோட்டிலேயே இருக்கும். இதை முன்னேற்றம் என்கிறார்கள், சரி!

அப்புறம், எல்லோரும் ஏறினால் பின்பக்கம் கொஞ்சம் அலைந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர். முழுச் சுமை ஏற்றும்போது பின்பக்க டயரில் எவ்வளவு காற்று என்று தனியாகவே போட்டிருக்கிறார்கள். அதன்படி வைத்ததும் அலைச்சல் குறைந்தது. டயர் சூடாவதற்கு முன் அளந்து பாருங்கள். ஓடிய பிறகு அளவு கூடுதலாகக் காட்டும்.